பழித்தலை விடுத்துப் பழக்குக!

கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றன் பெயர் வாழவந்தி நாடு. அப்பெயரின் இரண்டாம் எழுத்தே ழகரம். தமிழின் சிறப்பெழுத்தென்று மேடைதோறும் போற்றப்படும் அவ்வெழுத்து, அம்மலைக் குழந்தைக்கு மேடைப் பெருமையன்று. நாடோறும் சொல்ல வேண்டிய தன் ஊர்ப்பெயர். 'எந்த ஊர்?' என்று வினவினால் ஒரு குழந்தை 'வாளவந்தி' என்னும். இன்னொன்று 'வாயவந்தி' என்னும். மற்றொன்று எழுத்தையே விழுங்கி 'வாவந்தி' என்னும். மூன்றையும் பிழையென்று ஒரே கோலால் அடிப்பது எளிது. அம்மூன்றும் மூவேறு கரணியங்களால் எழலாம் என்று பகுத்தறிவதே அறிவுடைமை.

தமிழன்பர் கூட்டங்களில் ழகரம் ஒலிக்க வராதாரை எள்ளி நகையாடுதல் ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஊதியம் பெற்றுக்கொண்டு தமிழை மென்று துப்புவோரை இடித்துரைத்தல் தகும். அவர் அகவை முதிர்ந்தவர், பழகினால் வரும், பழக மனமில்லாதவர். ஆனால் அதே எள்ளல் வகுப்பறைக்குள் நுழைந்து ஆறு அகவைக் குழந்தையின்மேற் பாயுமாயின், அது தமிழ்த்தொண்டு ஆகாது. 'மரம்' என்று சொல்லப் புகுந்து 'மலம்' என்று சொல்லிவிட்ட குழந்தையைப் பார்த்து வகுப்பே சிரிக்கின்றது. ஆசிரியரும் உடன் சிரிக்கின்றார். மறுநாள் அக்குழந்தை விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. சில திங்களில் 'மந்தம்' என்னும் பெயர் அதற்கு வந்து சேர்கின்றது. தாய்மொழியைத் தாய்மொழி வகுப்பிலேயே பேச அஞ்சும் ஓர் உயிர் அங்கே உருவாகின்றது. இதனினும் பெரிய மொழியிழப்பு வேறு யாதுளது?

மழலையின் இனிமையை வள்ளுவர் போற்றினார். 'மழலை' என்னும் அச்சொல்லில் ழகரமும் உண்டு, லகரமும் உண்டு. தன் பேச்சுக்குரிய பெயரையே குழந்தையால் ஒலிக்கவியலாது என்பது இயற்கையின் ஒரு சிறு நகை. அந்நகை இனியது. அகவை கடந்தும் அம்மழலை மாறாதிருக்குங்கால் பெற்றோர் நெஞ்சிற் புகுவது நகையன்று, கவலை. அக்கவலைக்கு மருந்துண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

மூவகைக் கரணியம்

முதலாவது, அகவை. குழந்தையின் வாய்க்கு எல்லா ஒலியும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. இதழிரண்டும் கூடினாற் போதும் என்னும் எளிமையால் பகரமும் மகரமும் முன்னே வருகின்றன. 'அம்மா', 'அப்பா' என்பன முதற்சொற்களாய் அமைந்த கரணியம் அதுவே. தகரமும் நகரமும் அவற்றை அடுத்து வரும். நாவின் அடியை எழுப்ப வேண்டிய ககரம் சில குழந்தைகட்குச் சற்றுத் தாழ்ந்து வரும். அதுவரை 'கதவு' 'ததவு' ஆகும். நுனிநாவை நுண்ணிதாய் ஆள வேண்டிய ரகர றகர ழகரங்கள் ஐந்து, ஆறு அகவையிலும் செப்பமுறாதிருத்தல் இயல்பே. மூன்று அகவைக் குழந்தை 'பழம்' என்பதைப் 'பயம்' என்றால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, வட்டார வழக்கு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சுவழக்கில் ழகரம் ளகரமாகின்றது. சென்னையைச் சூழ்ந்த வடபகுதியில் யகரமாகின்றது. தாயும் தந்தையும் பாட்டியும் 'வாளைப்பளம்' என்று சொல்லும் வீட்டில் வளரும் குழந்தை அவ்வாறே சொல்வது நாவின் குறையன்று, செவியின் நிறைவு. கேட்டதைக் கேட்டவாறே சொல்லும் குழந்தைக்கு நோயென்று பெயரிடுதல் அறியாமை. அதற்கு வேண்டுவது பண்டுவமன்று. நல்ல ஆசிரியரின் நல்லொலி. செந்தமிழ் ஒலிப்பை வகுப்பில் ஊட்டுக. வீட்டுப் பேச்சை இழித்துரையாதீர். வாழவந்தி நாட்டு மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. நூற்றாண்டுகள் பல மலைமேலிருந்தும் அவர்கள் காத்த சொற்கள் பல. அவர்தம் குழந்தையைப் பார்த்து 'உன் பேச்சு பேச்சன்று' என்று சொல்பவர் தமிழின் ஒரு கிளையையே வெட்டுகின்றார்.

இவ்விடத்தே மற்றொன்றும் கூறல் வேண்டும். 'பஸ்' என்பதைப் 'பசு' என்றும், 'ஜன்னல்' என்பதைச் 'சன்னல்' என்றும் சொல்லும் மலைக்குழந்தையைத் திருத்தும் ஆசிரியர் உளர். தமிழில் இல்லாத ஒலியைத் தமிழ்நா தமிழொலியாக்கிக் கொள்ளுதல் தொல்காப்பியர் காலத்திலிருந்தே ஒப்பிய நெறி. வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்பதே அவர் வகுத்த முறை. இலக்கணம் ஒப்பியதைக் குழந்தை செய்தால் அது குறையாகாது.

மூன்றாவதே உண்மைக் குறை. அகவையும் கடந்து, வட்டார வழக்கும் கரணியமாகாது, ஒலி பிறழ்ந்தே நிற்குமாயின் அங்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். இதற்கும் வேர் பல. செவி நன்கு கேளாமை ஒன்று. அடிக்கடி செவியிற் சீழ் வடியும் குழந்தைக்குச் சகரம் போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள் மங்கிக் கேட்கலாம். கேளாத ஒலியை நா எங்ஙனம் படைக்கும்? மேலுதட்டிலோ அண்ணத்திலோ பிளவிருத்தல் மற்றொன்று. வாய்த்தசைகளை மூளை ஒருங்கியக்க மாட்டாமை இன்னொன்று. உறுப்பும் செவியும் செவ்வனே இருந்தும், பிழையான ஓர் ஒலிப்பு பழக்கமாகவே ஊன்றிவிடுதலும் உண்டு. பள்ளிக் குழந்தைகளிடம் மிகுதியும் காணப்படுவது இதுவே. திக்கிப் பேசுதல் இவற்றினும் வேறாயது; அதற்குரிய பயிற்சியும் வேறு.

எப்போது ஐயுற வேண்டும்? ஓராண்டு நிறையுங்காலத்தும் 'ப-ப', 'ம-ம' என்னும் பிதற்றொலி எழாமை. ஒன்றரை ஆண்டிலும் ஒரு சொல் தானும் வாராமை. ஈராண்டில் இருசொற் சேர்த்துச் சொல்லாமை. நான்கு அகவையில் அயலார்க்கு விளங்கப் பேசாமை. எந்த அகவையிலும் அழைத்தால் திரும்பாமை — இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் செவியாய்வே முதற்கண் செய்தல் வேண்டும். 'அப்பனும் ஐந்தில்தான் பேசினான்' என்று காலங்கழித்தல் கூடாது. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர்பெற்ற வசம்பைச் சுட்டு நாவிற் தடவுதலாலும் பேச்சு திருந்தாது. நாக்கடி நாணை அறுத்தாற் பேச்சு வந்துவிடும் என்னும் நம்பிக்கையும் பெரும்பாலும் பிழையே. நாக்கட்டு உடைய குழந்தைகளிற் பலர் நன்றாகவே பேசுகின்றனர். தக்கார் ஆய்ந்து சொல்லாமல் கத்தி எடுத்தல் தகாது.

இலக்கணம் வகுத்த வரைபடம்

பேச்சுப் பயிற்சித் துறையார் குழந்தையின் ஒலிப்புப் பிழைகளை நான்காகப் பகுப்பர். ஓரொலி விடுபடுதல், ஓரொலிக்கு மற்றோரொலி வருதல், ஒலி உருச்சிதைதல், இல்லாத ஒலி மிகுதல் என்பன அவை. தமிழ் பயின்றார்க்கு இப்பகுப்புப் புதிதன்று. சொற்கள் புணருங்கால் எழும் திரிபுகளைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணிகள் மூன்றாகவே வகுத்தனர். மிகுதல் தோன்றலாம், விடுபடுதல் கெடுதலாம், மாறுதலும் சிதைதலும் திரிதலாம். புணர்ச்சியில் இவை விதியின்பாற்பட்டன. குழந்தையின் நாவிலும் இவை பெரும்பாலும் ஓர் ஒழுங்கின்பாற்பட்டனவே. 'கதவு' 'ததவு' ஆகும் வாயில் 'கண்' 'தண்' ஆகும், 'காகம்' 'தாதம்' ஆகும். பிழை தாறுமாறன்று, ஒரு விதி மாறியிருக்கின்றது. அவ்வொரு விதியைக் கண்டு திருத்தினால் நூறு சொற்கள் ஒருங்கே திருந்தும். இலக்கணம் கற்ற ஆசிரியர் இதனைக் காண்பதற்குப் பிறரினும் தகுதியுடையவர்.

அதனினும் பெரிய கருவி பிறப்பியல். உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றொடு பொருந்தி எழுத்தாகப் பிறக்குமாற்றைத் தொல்காப்பியர் எழுத்தெழுத்தாக விளக்கியுள்ளார். நாவின் அடி, இடை, நுனி என்று மூன்றாகப் பிரித்து, அடிக்குக் ககர ஙகரமும், இடைக்குச் சகர ஞகரமும், நுனிக்கு டகர ணகரமும் உரியன என்றார். அதனினும் நுண்ணியது அவர் 'ஒற்றுதல்' என்றும் 'வருடுதல்' என்றும் செய்த வேறுபாடு. நுனிநா மேல்நோக்கி நிமிர்ந்து அண்ணத்தை ஒற்றினால் றகர னகரம். ஒற்றாது வருடினால் ரகர ழகரம். நாவிளிம்பு தடித்து மேற்பல்லடியைப் பொருந்துங்கால் ஒற்றுதலால் லகரம், வருடுதலால் ளகரம்.

தொல்காப்பியர் மருத்துவ நூல் எழுதினார் என்று மிகைபடக் கூறுதல் வேண்டா. அவர் எழுதியது எழுத்திலக்கணம். ஆயினும் பயிற்சியாளர் கைக்கொள்ள வேண்டிய வரைபடம் அதனுள் இருக்கின்றது. ழகரம் வாராத குழந்தையிடம் 'நன்றாகச் சொல், நன்றாகச் சொல்' என்று நூறு முறை உரப்புதலால் பயனில்லை. 'நீ ஒற்றுகின்றாய், வருட வேண்டும்' என்பதே அக்குழந்தைக்குத் தேவைப்படும் ஒரே செய்தி. இற்றை ஒலியியலும் இதனையே வேறு சொல்லாற் சொல்லும். ரகரத்துக்கு நுனிநா பல்லடியை அடுத்த மேட்டை ஒருமுறை தட்டி மீளும். ளகரத்துக்கு நா பின்வளைந்து அண்ணத்தைத் தொட்டு நிற்க, மூச்சு இருமருங்கும் செல்லும். ழகரத்துக்கு நா பின்வளைந்து அண்ணத்தை அணுகியும் அழுந்தாது நிற்க, மூச்சு நடுவே ஒழுகும். பன்னூறாண்டுகளாக இலக்கண வகுப்புகளில் மனப்பாடம் செய்து தேர்வுத்தாளிற் கொட்டிவிட்டு மறக்கப்படும் பிறப்பியல், வாழும் குழந்தையின் வாயைத் திருத்தப் பயன்படுமாயின், அதனினும் அந்நூற்பாக்கட்குச் செய்யத்தக்க சிறப்பு வேறில்லை.

பயிற்சி நடக்குமாறு

பேச்சுப் பயிற்சி மந்திரமன்று, படிப்படியான உழைப்பு. அமெரிக்க அறிஞர் சார்லசு வான் ரைப்பர் 1939-இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஒழுங்கு இன்றும் பலரால் பின்பற்றப்படுகின்றது. அவ்வொழுங்கில் முதலிற் பழக்க வேண்டுவது நாவையன்று, செவியை. பயிற்றுநர் வேண்டுமென்றே ஒருகால் 'வாழை' என்றும் ஒருகால் 'வாளை' என்றும் சொல்லக் குழந்தை எது செவ்விதென்று கைதட்டிக் காட்ட வேண்டும். வேறுபாடு செவியில் நிலைத்த பின்னரே தனியொலி, பின்னர் அசை, பின்னர்ச் சொல், பின்னர்ச் சொற்றொடர், இறுதியில் இயல்பான உரையாட்டு. ஒருபடி உறுதியாகாமுன் மறுபடி ஏறலாகாது.

செவிப் பயிற்சிக்குத் தமிழைப்போல் வாய்ப்பான மொழிகள் அரியன. வலி, வளி, வழி, தலை, தளை, தழை, கலை, களை, கழை, மரம், மறம், கரி, கறி, மனம், மணம் என ஓரெழுத்து மாறப் பொருள் மாறும் இணைச்சொற்கள் எண்ணிறந்தன. 'புளி கொடு' என்று கேட்ட குழந்தைக்குப் புலியின் படத்தை நீட்டினால் அது சிரிக்கும். சிரித்துக்கொண்டே தன் நாவைத் திருத்திக்கொள்ளும். ஒலி மாறினாற் பொருள் மாறும் என்று தானே உணர்வதே முகாமையான பாடம்.

படங்கட்கு அயல்நாட்டு அட்டைகளை நாட வேண்டுவதில்லை. ஆப்பிளும் பனிமனிதனும் வாழவந்தி நாட்டுக் குழந்தைக்கு எதற்கு? அம்மலையின் விளைபொருள்களே ஓர் ஒலிப்புப் படக்கோவை. லகரத்துக்குப் பலா, ளகரத்துக்கு மிளகு, ழகரத்துக்கு வாழை, ழகர ஒற்றுக்குக் கேழ்வரகு, னகரத்துக்குத் தினை, சகரத்துக்குச் சாமை, ரகரத்துக்கு அருவி, றகரத்துக்கு அம்மலையிற் பிறந்திழியும் ஐயாறு, ககரத்துக்குக் கொல்லி, ஓகாரத்துக்கு வல்வில் ஓரி. தான் நாடோறும் காண்பதைச் சொல்லுங்கால் குழந்தையின் நாவில் அச்சம் இராது.

வீட்டிற் செய்யத்தக்க உத்திகள் எளியன. பகரத்துக்கு வாய்முன் மெல்லிய தாளைப் பிடித்து அஃது அசையுமாறு ஒலிக்கச் செய்யலாம். சகரத்துக்குப் புறங்கையை வாய்முன் வைத்துக் காற்றின் தண்மையை உணரச் செய்யலாம். ககரத்தைத் தகரமாக்கும் குழந்தையின் நுனிநாவைக் கரண்டியின் காம்பால் மெல்லக் கீழே நிறுத்தினால் அடிநா தானே எழும். ழகரத்துக்கு 'ஆ' என்று நீட்டி ஒலிக்கச் செய்து, ஒலி அறாமலே நுனிநாவை மெல்லப் பின்வளைக்கச் செய்யலாம். கண்ணாடி முன் நாடோறும் பத்து மணித்துளி போதும். கிழமைக்கு ஒருநாள் ஒருமணி நேரம் வருத்துவதினும் நாடோறும் சிறிது பழக்குவதே பயன்தரும். தவறுங்கால் 'தவறு' என்று தடுக்காமல், குழந்தை சொன்ன சொல்லையே செவ்விதாய்த் திரும்பச் சொல்லிக் காட்டுக. 'அம்மா, பயம்' என்றால், 'ஆம், பழம். மஞ்சட் பழம்' என்க.

வல்லினம் மெல்லினமாகும் வாய்

அண்ணப்பிளவுடைய குழந்தைகளின் நிலை தனியே எண்ணத்தக்கது. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கின்றது. வாய்க்கும் மூக்குக்கும் இடைச்சுவர் இல்லாமையால் காற்று வாயில் தேங்குவதில்லை, மூக்கின்வழி ஒழுகிவிடுகின்றது. தமிழிலக்கணத்தார் சொல்லாற் கூறின், அவ்வாயில் வல்லினம் நிற்பதில்லை, மெல்லினமாகிவிடுகின்றது. 'பாப்பா' என்பது 'மாம்மா' போல் ஒலிக்கும். சில குழந்தைகள் வாயிற் காற்றைத் தேக்க மாட்டாமல் மிடற்றிலேயே அதனைத் தடுத்து ஒலிக்கப் பழகிவிடுகின்றனர்.

உதட்டுப் பிளவை மூன்று முதல் ஆறு திங்களிலும், அண்ணப் பிளவைப் பொதுவாக ஒன்றரை ஆண்டுக்குள்ளும் அறுவையால் ஒட்டுவர். ஆனால் தைத்த அண்ணம் தானே பேசாது. பழைய பிழைப்பழக்கம் அறுவைக்குப் பின்னும் நாவிலும் மிடற்றிலும் தங்கிவிடும். அதனைக் களையப் பயிற்சியே வேண்டும். அறுவை முடிந்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று வீடு திரும்பும் ஏழைப் பெற்றோர்க்கு இதனை எடுத்துரைப்பார் அரியர். நிலாமறைப்பின்போது தாய் வெளியே வந்தமையால் நேர்ந்தது என்று தாயைப் பழிக்கும் வாய்கள் மட்டும் நிறைய உள. மறைப்புக்கும் பிளவுக்கும் எத்தொடர்பும் இல்லை.

இதற்கொரு நல்வழியைத் தமிழ்நாடே காட்டியுள்ளது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சென்னைச் சிறீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களில் பிளவுடன் பிறந்த குழந்தைகளுக்கு ஊர்மட்டப் பணியை மேற்கொண்டனர். ஊர்ப்பணியாளர்க்கே பயிற்சி கொடுத்து, அவர் வீடுதேடிச் சென்று ஒலிப்புப் பழக்க, பேச்சுப் பயிற்சி வல்லுநர் அவரை மேற்பார்த்து நெறிப்படுத்தும் முறை அது. வல்லுநர் சிலரே உள்ள நாட்டில், அவர் அறிவு பலர் கைவழியே பரவுதற்கு அதுவே வழி. திருவண்ணாமலைக்குப் பொருந்தியது கொல்லிமலைக்குப் பொருந்தாதோ?

மலையேற வேண்டிய பயிற்சி

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே மலைமேல் ஏற வேண்டும். மலையின் ஆட்சி நடுவிடமாகிய செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கிழமைதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளைவுகளில் இறங்கி ஏறுவதென்றால், மிளகும் காப்பியும் பறித்துப் பிழைக்கும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேறு. இரண்டு முறை வருவாள். மூன்றாம் முறை வரமாட்டாள். அவளைப் 'பொறுப்பில்லாதவள்' என்று குறித்துக்கொள்ளுதல் எளிது. பயிற்சி அவளிடம் போகவில்லை என்பதே உண்மை.

திட்டங்கள் இல்லாமலில்லை. 2013-இல் நடுவணரசு தொடங்கிய, ஆர்.பி.எஸ்.கே. என்னும் குறுக்கப் பெயரால் வழங்கும் குழந்தை நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகட்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகட்கு ஒருமுறையும் சென்று, செவிக்குறை, பிளவு, பேச்சுத் தாழ்ச்சி ஆகியவற்றைக் கண்டறிய வேண்டும். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு அகவைக்குட்பட்ட செவிடான குழந்தைகட்கு உட்செவிக் கருவி பொருத்தவும் வழியுண்டு. நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆயினும் கண்டறிதல் ஒருநாட் பணி. பயிற்சி பன்னாட் பணி. முன்னதோடு நின்றுவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது ஒரு சீட்டு மட்டுமே.

சட்டத்திலும் ஒரு விரிசல் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாகப் பேச்சு மொழிக் குறைபாட்டைச் சேர்த்தது. ஆனால் அதன் விளக்கத்தின்படி அஃது உறுப்பாலோ நரம்பாலோ நேர்ந்த நிலைத்த குறைபாடாதல் வேண்டும். பயிற்சியால் திருந்தக்கூடிய ஒலிப்புப் பிழையுடைய குழந்தை அவ்விளக்கத்துள் அடங்காது. திருந்தாத குறைக்குச் சான்றிதழ் உண்டு; திருந்தும் குறைக்குக் கேட்பாரில்லை! விரைந்து உதவினால் முற்றும் தேறிவிடும் குழந்தையே இடையில் விடப்படுகின்றது.

ஆகவே வேண்டப்படுவன தெளிவானவை. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் திங்களுக்கு இருமுறையேனும் செம்மேட்டில் அமர்ந்து குழந்தைகளைக் காணல் வேண்டும். மலையின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் உண்டுறைப் பள்ளி ஆசிரியர்க்கும் அங்கன்வாடிப் பணியாளர்க்கும் ஒலிப்புப் பழக்கும் முறை கற்பிக்கப்படல் வேண்டும். மலையாளி மக்களுள் படித்த இளைஞர் சிலரைத் தெரிந்து ஊர்ப் பயிற்றுநராக்குதல் இன்னும் சிறப்பு. வீட்டுப் பேச்சு எது, குறைப் பேச்சு எது என்று அவரே பிரித்தறிவர். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பிறப்பியல், கண்ணாடியும் செவியும் கொண்டு கற்கும் செய்முறைப் பாடமாதல் வேண்டும். மைசூரில் 1965-இல் தொடங்கிய அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில், தமிழ் ஒலிப்பை அளக்கும் ஆய்வு முறை ஒன்று 1980-களிலேயே முதுநிலை மாணவர் ஆய்வேடாக உருவாயிற்று. அத்தகைய ஆய்வுகள் நூலகத்தில் துயிலாமல், எளிய தமிழில் ஆசிரியர் கைக்கு வருதல் வேண்டும்.

தாய்மொழியை நிறுத்தச் சொல்லும் தவறு

நகர்ப்புறத்தில் இன்னொரு கேடு வளர்ந்துவருகின்றது. பேச்சுத் தாழ்ந்த குழந்தையின் பெற்றோரிடம், 'வீட்டில் தமிழை நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள். குழந்தை குழம்பாது' என்று சொல்வார் உளர். இதற்கு அறிவியலில் அடிப்படை இல்லை. இருமொழிச் சூழல் பேச்சுக் குறையை உண்டாக்காது. வீட்டுமொழியை விடுமாறு அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் கழகமே கூறுவதில்லை. தாய்க்கு இயல்பாய் வரும் மொழியிலேயே கொஞ்சலும் கதையும் தாலாட்டும் பெருகும். அவை பெருகுமிடத்தே பேச்சும் பெருகும். அரைகுறை ஆங்கிலத்தில் பேச முயலும் தாய் மெல்ல மெல்லப் பேசாத் தாயாகிவிடுகின்றாள். பேச்சு வேண்டிய குழந்தையிடமிருந்து பேச்சையே பறிக்கும் பண்டுவம் எவ்வகைப் பண்டுவம்? தமிழ்க்குழந்தைக்குத் தமிழில் பயிற்சி என்பது மொழிப்பற்றால் மட்டும் எழுந்த வேண்டுகையன்று. குழந்தையின் நலத்தால் எழுந்தது.

தமிழ்த் தூய்மைக்குப் பாடுபடும் அன்பர்கள் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அயற்சொல்லை நீக்குதற்கு எழுதுகோல் போதும். ஆசிரியர் முனைந்தால் ஓராண்டில் ஒரு வகுப்பின் கட்டுரைகள் தூய்மையாகிவிடும். ஆனால் சொல்லைச் சொல்லும் வாய் எங்ஙனம் ஆயிற்று என்று எவரும் பார்ப்பதில்லை. ஏட்டிலே தூய தமிழும் நாவிலே சிதைந்த தமிழுமாய் ஒரு தலைமுறை வளருமாயின் அப்பணி அரைப்பணியே. ஊர்தோறும் தமிழ்மன்றம் நடத்துவோர் ஆண்டுக்கொரு பேச்சுப்போட்டி வைத்து நன்றாய்ப் பேசும் குழந்தைக்கே பரிசளிக்கின்றனர். அப்போட்டிக்குப் பெயர் கொடுக்க அஞ்சி ஒதுங்கி நிற்கும் குழந்தையைத் தேடிச் செல்லும் மன்றம் எத்தனை? அதன் செவியை ஆயச் செய்தல், பெற்றோர்க்குப் பேருந்துக் கட்டணம் உதவுதல், பத்துப் படங்கள் வரைந்து அங்கன்வாடிக்கு அளித்தல் ஆகிய இவை எந்த மன்றத்தாலும் இயலும் பணிகளே.

ழகரம் தமிழர்க்குப் பெருமையாயின் அது தமிழ்க்குழந்தை ஒவ்வொன்றுக்கும் உரிய உடைமை. உடைமையைப் பெறாத பிள்ளையைப் பார்த்து நகைப்பவர் நல்ல தாயத்தார் ஆகார். எடுத்துக் கொடுப்பவரே தாயத்தார். வாழவந்தி நாட்டுக் குழந்தை தன் ஊர்ப்பெயரை அஞ்சாது சொல்லும் நாளே அவ்வெழுத்துக்கு உண்மையான விழாநாள். நாவைப் பழிப்பதை விடுக, பழக்குக!